சேம அச்சு

வன்னியின் உட்கிராமப் பாடசாலைகள் எவ்வாறு நடைபெறுகின்றன என்று எவரேனும் வினவினால், அதற்கு விடை காணச் சுற்றுநிருபங்களைப் புரட்டவேண்டியதில்லை. அவை வான்களினால் நடைபெறுகின்றன. விடியற்காலை ஐந்து மணிக்கு யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் படலைக்குப் படலை நின்று ஆசிரியர்களை ஏற்றிக்கொண்டு, ஏ9 வீதியால் சாவகச்சேரி, கொடிகாமம், பளை, ஆனையிறவு, பரந்தன் என்று ஓடி, பின்னர் கிளை வீதிகளிற் பிரிந்து, முதல் மணி அடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்னதாகப் பாடசாலை வாயிலில் வந்து நிற்கும் வான்கள் பல. அவை ஒருநாள் வராதொழிந்தால், அன்றைக்கு அங்கே கணிதமும் இல்லை, விஞ்ஞானமும் இல்லை, தமிழும் இல்லை. போர் 2009இல் முடிந்தது. வீதிக்குக் காப்பெற் இடப்பட்டது. யாழ்ப்பாணத்துக்கு 2014இல் புகைவண்டியும் மீண்டது. எமது பாடசாலையில் ஆசிரியர் விடுதி மட்டும் இன்னும் எழவில்லை. பேருந்து பெருவீதியோடு நின்றுவிடும். அங்கிருந்து பாடசாலைக்கு 11 கிலோமீற்றர்.

ஆகவே எமக்கு வான். அதில் 14 பேர் பயணம் செய்கிறோம். தமிழ் படிப்பிக்கும் நாமும், கணிதம், விஞ்ஞானம், வரலாறு படிப்பிப்போரும், சங்கீத ஆசிரியையும், ஆரம்பப் பிரிவு ஆசிரியைகள் ஐவரும் அதனுள் அடக்கம். நாளொன்றுக்கு ஏறக்குறைய 150 கிலோமீற்றர் ஓட்டம். வானை ஓட்டுபவரின் பெயரை இங்கே எழுதுவது முறையன்று. வயதில் மூத்த ஆசிரியைகள் உட்பட எல்லோருமே அவரை 'அண்ணை' என்று அழைப்பதனால், இக்கட்டுரையிலும் அவர் அண்ணையாகவே இருக்கட்டும்.

அண்ணை அந்த வானை வாங்கியது 2021ஆம் ஆண்டில். அதற்கு முந்திய ஆண்டு மார்ச் மாதத்தில் அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்தது. புதியது வராத நாட்டிலே பழையது பொன்னாகிவிடும் என்பது யாவரும் அறிந்ததே. பழைய வாகனங்களின் விலை மாதத்துக்கு மாதம் ஏறிய அக்காலத்தில், மனைவியின் நகைகளை விற்று முற்பணம் கட்டி, மிகுதியை லீசிங்கில் எடுத்து, ஜப்பானிற் செய்த பழைய டீசல் வானொன்றை அவர் வாங்கினார். வாங்கிய அன்று மீற்றர் 62,000 கிலோமீற்றர் காட்டியது. பின்னர் 2022ஆம் ஆண்டு வந்தது. டீசலுக்காக வரிசையில் இரவு பகலாகக் கிடந்ததும், அதன்பின் கியூ.ஆர். அட்டையுடன் அளந்து அடித்ததும், பாடசாலைகள் வாரத்தில் சில நாள்கள் மாத்திரம் நடந்ததும் ஆசிரியர்களுக்கு மறக்கக்கூடியவையல்ல. அந்தத் துன்பமெல்லாவற்றையும் அண்ணையும் அவருடைய வானும் கடந்து வந்தார்கள்.

2023ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், பளையைத் தாண்டி இயக்கச்சியை அடையுமுன்னர் வான் நின்றது. வெடிச் சத்தம் எழவில்லை. புகையும் கிளம்பவில்லை. முன்னிருக்கையில் இருந்தவர்களுக்குச் சிறு தட்டல் ஒன்று கேட்டது. அவ்வளவில் எஞ்சின் ஊமையாயிற்று. ஸ்டியரிங் கல்லாய்க் கனத்தது. பிரேக்கை அண்ணை இரண்டு தடவை மிதித்ததும் அதுவும் இறுகிவிட்டது. எஞ்சின் நின்றால் பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிடமும் நின்றுவிடும், எஞ்சியிருப்பது ஓரிரு மிதிகளுக்கே போதும். நல்லவேளையாக வீதி நேராகவும் வெறுமையாகவும் இருந்தது. ஓரத்தில் நிறுத்தியபின் அண்ணை சாவியை ஒருமுறை திருப்பினார். ஸ்ராட்டர் சுழன்றது. ஆனால் வழக்கமான முக்கலும் முனகலும் இல்லை. வாளி கட்டாத கப்பி கிணற்றின்மேற் சுழல்வதுபோல அது இலேசாகச் சுழன்றது.

தொலைபேசியிற் கிடைத்த கராஜ்காரர் அந்த ஒலியைக் கேட்டதும் சொன்னார்: "மாஸ்ரர், அண்ணையிட்டைச் சொல்லுங்கோ, இன்னொருக்கா ஸ்ராட் அடிக்க வேண்டாம். பெல்ட் அறுந்திட்டுது. திருப்பத் திருப்பச் சேதம்தான் கூடும். கயிறு போட்டு இழுத்துக்கொண்டு வாங்கோ."

டைமிங் பெல்ட் என்ற சொல்லை எம்முள் பலர் அன்றுதான் முதன்முதலாகக் கருத்தூன்றிக் கேட்டனர். அது யாது, அறுந்தால் என்ன நேரும் என்பவற்றைத் தெரிந்துகொள்வது வாகனம் உடையோருக்கு மட்டுமன்றி, வாகனத்தில் ஏறுவோர் யாவர்க்கும் பயன்தரும்.

எஞ்சினின் கீழ்ப்பாகத்திலே பிஸ்டன்கள் மேலும் கீழுமாக ஓடுகின்றன. அந்த ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங் சாப்ட். மேற்பாகத்திலே காற்றை உள்ளே விடவும் புகையை வெளியே தள்ளவும் வால்வுகள் திறந்து மூடுகின்றன. அவற்றைத் திறப்பது காம் சாப்ட். கீழே இரண்டு சுற்றுச் சுற்றும்போது மேலே ஒரு சுற்றுச் சுற்றவேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இவ்விரண்டையும் பிணைத்து வைத்திருப்பது உட்புறம் பல் வைத்த ஒரு இறப்பர்ப் பட்டி. அதனுள்ளே கண்ணாடி இழைகள் நீளமாக ஓடுகின்றன. பட்டி நீளாதிருப்பது அவ்விழைகளின் வலிமையால். எமது வானைப் போன்ற டீசல் எஞ்சினில் எரிபொருளை அளந்து தெளிக்கும் பம்பையும் அதே பட்டிதான் இழுக்கிறது.

நிமிடத்துக்கு 2,400 சுற்று என்று எஞ்சின் ஓடுமாயின், பிஸ்டன் ஒரு வினாடியில் 40 தடவை மேலே வந்து போகிறது. ஒவ்வொரு வால்வும் அதே வினாடியில் 20 தடவை திறந்து மூடுகிறது. எமது ஊர்ப் பெண்கள் இருவர் ஒரே உரலில் மாறி மாறி மா இடிப்பதைக் கண்டவர்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. ஒருத்தியின் உலக்கை எழும்போது மற்றவளின் உலக்கை விழும். தாளம் தப்பாதவரை உரலில் இருவருக்கும் இடமுண்டு. தாளம் தப்பினால் உலக்கையோடு உலக்கை மோதும். இலங்கைப் பாடநூல்கள் பிஸ்டனுக்கு 'முசலம்' என்று பெயரிட்டிருக்கின்றன. முசலம் என்பதற்கு உலக்கை என்றே பொருள். அப்பெயரை இட்டவர் உரலடியைக் கண்டவராகத்தான் இருத்தல்வேண்டும்.

பட்டி அறுந்தால் காம் சாப்ட் நின்றுவிடுகிறது. சில வால்வுகள் திறந்தபடியே தொங்குகின்றன. கீழேயுள்ள பிஸ்டன்களோ ஓடிவந்த வேகத்தில் இன்னும் சில சுற்று மேலே வந்து அவற்றில் மோதுகின்றன. எல்லா எஞ்சின்களிலும் இம்மோதல் நிகழ்வதில்லை. சில பெற்றோல் எஞ்சின்களில் வால்வு முழுதாகத் திறந்து நின்றாலும் பிஸ்டன் தொடாதபடி இடைவெளி விடப்பட்டிருக்கும். அவற்றிலே புதிய பட்டி போட்டால் வாகனம் மீண்டும் ஓடும். டீசல் எஞ்சினின் நிலை வேறு. காற்றை மிக அதிகமாக நெருக்கி, அந்தச் சூட்டினாலேயே எரிபொருளைக் கொளுத்துவது அது. ஆகையால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே எஞ்சியிருக்கும் இடம் மயிரிழை போன்றது. அங்கே வால்வுக்கு ஒதுங்க இடமில்லை.

இந்தப் பட்டி மோட்டார் வாகனத்தோடு பிறந்ததன்று. முன்னர் பற்சில்லும் சங்கிலியும் இவ்வேலையைச் செய்தன. 1960களின் தொடக்கத்தில் மேற்கு ஜேர்மனியின் கிளாஸ் நிறுவனம் தனது 1004 என்னும் சிறிய காரில் பல்வைத்த இறப்பர்ப் பட்டியைப் பயன்படுத்தியது. பின்னர் பியற் முதலிய பெரிய நிறுவனங்களும் அதனை ஏற்றுக்கொண்டன. பட்டி சத்தமிடாது. எண்ணெய் கேட்காது. பாரம் குறைவு, விலையும் குறைவு. ஆனால் அதற்கு ஆயுள் உண்டு. ஏறக்குறைய 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை, ஓட்டம் குறைவாயினும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, அதனை மாற்றிவிடவேண்டும். இங்கே ஒரு சமூக உண்மை மறைந்திருப்பதை நாம் கவனித்தல் வேண்டும். பட்டியின் மலிவும் அமைதியும் முதலில் வாங்கியவனுக்குக் கிடைத்த நன்மைகள். அதன் முறிவோ நான்காவது கையில், ஐந்தாவது கையில் வாங்குபவனின் தலையில் வந்து விழுகிறது.

இனிக் கராஜில் நடந்ததைக் கூறுவோம். அங்கே எமக்கு ஓர் அறிமுக முகம் காத்திருந்தது. எமது பாடசாலையிலே தரம் 11 வரை படித்து, சாதாரண தரப் பரீட்சையிற் கணிதம் சித்தியடையாமற்போனதால் படிப்பை விட்ட இளைஞன் ஒருவன் அக்கராஜில் மூன்று ஆண்டுகளாகத் தொழில் பழகிக்கொண்டிருந்தான். கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்தவன், "வாங்கோ சேர், காட்டிறன்" என்று எம்மை வானின் முன்புறத்துக்கு அழைத்துச் சென்றான்.

அவன் காட்டிய ஒழுங்கு எமக்கு வியப்பைத் தந்தது. முதலில் மூடியைக் கழற்றினான். அறுந்த பட்டியை எடுத்து அதன் பற்களையும் ஓரங்களையும் தடவிப் பார்த்தான். எண்ணெய் ஊறி அழுகியதா, பட்டியை இறுக்கிப் பிடிக்கும் சில்லு இறுகி நின்றதனால் அறுந்ததா, அல்லது வெறும் முதுமையா என்பதை முதலிற் காணவேண்டும், காரணத்தை விட்டுவிட்டுப் புதுப் பட்டி போட்டால் அதுவும் அறும் என்றான். சில்லு சுழன்றது. எண்ணெய்க் கசிவு இல்லை. பட்டியின் முதுகு முழுவதும் வெடிப்பு. முதுமைதான். பின்னர் கராஜிற் கிடந்த பட்டியொன்றை, அடையாளக் கோடுகள் ஒன்றுக்கொன்று நேராக நிற்கும்படி வைத்துத் தற்காலிகமாக மாட்டினான். ஸ்ராட்டரைத் தொடாமல், நீண்ட சாவி கொண்டு கையாலேயே எஞ்சினை மெல்லச் சுற்றினான். இரண்டு முழுச் சுற்று.

"ஏன் இரண்டு?" என்று கணித ஆசிரியர் கேட்டார்.

"மேலை இருக்கிற சில்லுக்குப் பல்லு இரட்டிப்பு, சேர். கீழை ரெண்டு சுத்துச் சுத்தினால்தான் மேலை ஒண்டு முடியும். அப்பதான் எல்லா வால்வும் ஒருக்காத் திறந்து பூட்டும். நடுவிலை எங்கையாவது இறுகினால் பலன் பண்ணக்கூடாது."

விகிதம் என்ற பாடத்தை இதனிலும் தெளிவாக எவரும் கூறிவிட முடியாது. பரீட்சைத் தாளில் அவனைத் தோற்கடித்த அதே கணிதத்தை, அவனுடைய கை இப்போது நாள்தோறும் செய்துகொண்டிருக்கிறது. உயர்தரத்தில் தொழில்நுட்பத் துறை 2013இல் தொடங்கப்பட்டது. எனினும் சாதாரண தரத்தின் வாசலிலேயே தடுக்கப்பட்ட இவனைப் போன்றவர்களுக்கு அக்கதவு திறப்பதில்லை. கையால் அறிபவன் வேறு, மூளையால் அறிபவன் வேறு என்று பிரித்து வைத்த பழைய சமுதாயத்தின் நிழல் எமது பரீட்சை மண்டபங்களில் இன்னும் நீண்டு கிடக்கிறது.

சுற்றும்போது எங்கும் இறுகவில்லை. ஆயினும் அமுக்கம் பார்க்கும் மீற்றரைப் பூட்டியபோது, நான்கு உருளைகளில் மூன்றில் முள் அசைய மறுத்தது. எஞ்சினின் ஹெட்டைக் கழற்றுவதைத் தவிர வழியில்லை. கழற்றியபோது எட்டு வால்வுகளில் ஐந்து வளைந்திருந்தன. அவற்றைத் தாங்கும் குழாய்களில் இரண்டு வெடித்திருந்தன. பிஸ்டன்களின் தலையிலே பிறைவடிவத் தழும்புகள் மட்டும் இருந்தன, வெடிப்பு இல்லை. அண்ணை மேலும் சில தடவை சாவியைத் திருப்பியிருந்தால் அதுவும் நிச்சயமில்லை என்றார் கராஜ்காரர்.

இதனிடையே மூடியைத் துடைத்துக்கொண்டிருந்த இளைஞன் அதன் ஓரத்தில் எண்ணெய் அழுக்கின்கீழ் ஒட்டியிருந்த சிறு தாளொன்றைக் கண்டான். ஜப்பானிய எழுத்து. அவனுக்கு இலக்கங்கள் மட்டும் புரிந்தன: 20 என்றும், 98,000 சொச்சம் என்றும். ஜப்பானிலே பட்டி மாற்றிய தொழிலகங்கள் திகதியையும் கிலோமீற்றரையும் எழுதி ஒட்டிவைப்பது வழக்கம். அந்த 20 என்பது அவர்களுடைய அரச ஆண்டு. 1989இல் தொடங்கிய ஹெய்செய் ஆண்டுக் கணக்கில் இருபதாவது ஆண்டு 2008. அதாவது 2008ஆம் ஆண்டிலேயே 98,000 கிலோமீற்றர் ஓடிமுடித்த வான் இது. 2021இல் அண்ணையின் கையில் வந்தபோது மீற்றர் காட்டியதோ 62,000!

அத்தோடு முடியவில்லை. இத்தகைய வான்கள் சிலவற்றில், பட்டி மாற்றும் தூரம் வந்ததும் சாரதியின் முன்னே ஒரு சிறு விளக்கு எரிந்து எச்சரிக்கும். அந்த விளக்கு ஏன் எரியவில்லை என்று பார்க்க மீற்றர்ப் பெட்டியைக் கழற்றினார்கள். விளக்கு இருக்கவேண்டிய துளை வெறுமையாக இருந்தது. யாரோ குமிழைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள்.

அண்ணை அத்துளையை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பட்டி பற்றி அவர் அறியாதவரல்லர். அன்று மீற்றரில் 94,000 நின்றது. 100,000 வந்ததும் மாற்றுவதற்கென்று 40,000 ரூபாவை மனைவியிடம் கொடுத்து வைத்திருந்தார். கணக்கில் அவர் பிழைவிடவில்லை. கணக்கின் முதல் வரியையே வேறொருவர் அழித்து எழுதியிருந்தார். விற்றவரிடம் போய்க் கேட்டபோது, "நானும் இப்பிடித்தான் வாங்கினன்" என்று அவர் கூறினாராம். அது உண்மையாகவும் இருக்கலாம். அவருக்கு விற்றவரும் அதையே சொல்லக்கூடும். இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியில் மீற்றர் பின்னோக்கிச் சுற்றப்பட்டது என்பதைக் கண்டுபிடிக்க அண்ணையிடம் பணமுமில்லை, காலமுமில்லை. பொய் பல கைகள் மாறி வந்தது. ஒவ்வொரு கையிலும் சிறிது இலாபத்தை விட்டு வந்தது. கடைசியில் நின்ற கை எது? காலை நான்கு மணிக்கு எழுந்து ஸ்டியரிங் பிடிக்கும் கை.

பழுதுபார்க்கும் செலவு 288,000 ரூபா என்று கணக்கிடப்பட்டது. வால்வுகள், குழாய்கள், காஸ்கெற், லேத் பட்டறைக் கூலி, புதிய பட்டி, அதனை இறுக்கும் சில்லு, எண்ணெய்த் தடைகள் யாவும் சேர்த்து. 2022இன் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் அவ்வாண்டின் நடுப்பகுதிக்குள் 360 ரூபா அளவில் ஏறிவிட்டிருந்தது. உதிரிப்பாகங்களின் விலையும் அதனோடு ஏறிற்று. பழைய எஞ்சினொன்றை முழுதாக வாங்கிப் போடலாம் என்று ஒருவர் யோசனை கூறினார். "அந்த எஞ்சினின்ரை மீற்றரை ஆர் கண்டது?" என்று அண்ணை கேட்டார். அதற்கு மறுமொழி இல்லை.

அண்ணையின் வரவுசெலவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாம் 14 பேரும் ஆளுக்கு 18,000 ரூபா வீதம் மாதம் 252,000 கொடுத்தோம். டீசல் லீற்றர் 400 ரூபாவைத் தாண்டி நின்ற காலம் அது. டீசலுக்கு மட்டும் அதில் ஏறக்குறைய பாதி போயிற்று. லீசிங் தவணை 65,000. எஞ்சிய பணத்தில் ரயர், எண்ணெய், காப்புறுதி, பின்னர்தான் வீடு. ஒரு மாதம் வான் நின்றால் தவணை தவறும். தவணைகள் தவறினால் வானை எடுத்துப்போக ஆள் வரும். அவ்வாறு போனால் நகையும் போயிற்று, வானும் போயிற்று, கடன் மட்டும் மிச்சம்.

அன்று மாலையே நாம் கூடிப் பேசினோம். எல்லோரும் ஒரே மனத்தினராய் இருந்தோம் என்று எழுதினால் அது கதையாகிவிடும். "எங்களுக்கும் கடன் இருக்குது, நாங்கள் வங்கியோ?" என்று ஆரம்பப் பிரிவு ரீச்சர் ஒருவர் கேட்டார். அவருடைய கணவருக்கு ஒன்றரை ஆண்டாக வேலையில்லை. அக்கேள்வியில் நியாயம் இருந்தது. வேறு வானில் இடம் இருக்கிறது, கூலி 20,000, நாளைக்கே ஏறலாம் என்றார் இன்னொருவர். அதிலும் நியாயம் இருந்தது. மாணவர்களுக்குப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போது கணித ஆசிரியர் ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டார். மற்ற வானில் ஏழு இடங்களே உண்டு. எஞ்சிய எழுவர் பேருந்தில் வந்து, பெருவீதியிலிருந்து 11 கிலோமீற்றர் வரவேண்டும். இரண்டொரு மாதத்தில் அவர்கள் இடமாற்றத்துக்கு விண்ணப்பிப்பார்கள். பாடசாலையில் பாதி வகுப்புகள் வெறுமையாகும். மற்ற வானுக்கு மேலதிகமாகக் கொடுக்கும் 2,000 ரூபா ஓர் ஆண்டில் 24,000 ஆகும். அது அண்ணைக்கு இப்போது முன்பணமாகக் கொடுக்கக்கூடிய ஒரு மாதக் கூலியிலும் அதிகம். "இது தருமம் இல்லை, ரீச்சர். எங்கடை கால் எங்களுக்கு வேணும்" என்று அவர் முடித்தார்.

முடிவு இதுவாயிற்று. ஒவ்வொருவரும் ஒரு மாதக் கூலியை முன்பணமாகக் கொடுப்பது. அதனை மாதம் 1,500 வீதம் பன்னிரண்டு மாதங்களிற் கழிப்பது. இயலாத இருவருக்காக மற்றவர்கள் இட்டு நிரப்புவது. யார் யாருக்காக இட்டார் என்பது வெளியே சொல்லப்படமாட்டாது. 252,000 சேர்ந்தது. பட்டிக்கென்று சேமித்திருந்த 40,000 ரூபாவை அண்ணை வைத்தார். செலவு போக எஞ்சியது 4,000. பதினாறு நாள்கள் பேருந்திலும் உழவு இயந்திரப் பெட்டியிலும் பாடசாலைக்குப் போனோம். பதினேழாம் நாள் வான் வந்தது. அதன் புதிய பட்டியின் மூடியில், ஜப்பானியத் தாளுக்குப் பக்கத்தில், எமது மாணவன் தமிழில் எழுதிய தாளொன்று ஒட்டப்பட்டிருந்தது: மாற்றிய திகதி, மீற்றர் காட்டும் இலக்கம், அதன்கீழே 'மீற்றர் உண்மையில்லை' என்ற குறிப்பு.

இது ஒரு வானின் கதை மட்டுமாயின் இத்தனை பக்கம் எழுதவேண்டியதில்லை. சிந்திக்கவேண்டியது வேறு. இந்நாட்டில் வாகனத்துக்கு வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதாயின் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். நல்லதே. ஆனால் அப்பரிசோதனை வாகனத்தின் வாலில் வருவதைத்தான் அளக்கிறது. உள்ளே பட்டி வெடித்திருப்பதை அது காணாது. கைமாறும் ஒவ்வொரு தடவையும் மீற்றர் இலக்கத்தைப் பதிவேட்டில் எழுதி, அடுத்து வாங்குபவர் அதனைப் பார்க்க வழிசெய்தால், 98,000 என்பது 62,000 ஆக இறங்க முடியாது. இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. ஒரு கோடு, ஒரு கட்டம், ஓர் இலக்கம் போதும். 2025இல் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டது. ஆனால் அதனோடு வந்த வரிகளைக் கட்டிப் புதியதை வாங்கும் நிலையில் அண்ணை போன்றோர் இல்லை. அவர்கள் இனியும் பிறர் ஓட்டிக் களைத்த எஞ்சின்களையே வாங்குவார்கள். அந்த எஞ்சின்களின் உண்மை வயதை அறியும் உரிமையாவது அவர்களுக்கு வேண்டாமா?

அதுவரை, பழைய வாகனம் வாங்கும் ஏழைத் தோழர்களுக்கு எமது மாணவன் கூறும் அறிவுரை இது: மீற்றரை நம்பாதே. பட்டி மாற்றியதற்குச் சீட்டு இல்லையேல் அது மாற்றப்படவில்லை என்றே கொள். வாங்கிய கிழமையே புதியதைப் போடு. சாவியைத் திருப்பும்போது எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒருகணம் எரிகின்றனவா என்று எண்ணிப் பார். எரியாத விளக்குத்தான் அதிகம் பேசும்.

புறநானூற்றில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடும்போது ஓர் உவமை கூறுகிறார். உப்பு வணிகரான உமணர், மேடும் பள்ளமுமான வழியில் என்ன நேருமோ என்றெண்ணி, வண்டியின் அச்சு மரத்தின்கீழ் இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு போவார்களாம். அதற்குச் சேம அச்சு என்று பெயர். அரசனைப் புகழ வந்த புலவர் வண்டிக்காரரின் முன்னறிவிலிருந்து உவமை எடுத்தார் என்பது எண்ணி மகிழத்தக்கது. நாம் நாள்தோறும் கடக்கும் ஆனையிறவும் உப்பு விளையும் நிலமே.

உமணர் தனித்தனியே சென்றவரல்லர், கூட்டமாகச் சென்றவர்கள். அச்சு முறிவது ஒருவனுடைய வண்டியில்தான். ஆனால் வழியில் நிற்பது முழுச் சாத்தும் அன்றோ? எமது வானில் இப்போது ஒரு கொப்பி இருக்கிறது. மாதம் ஆளுக்கு 500 ரூபா வீதம் 7,000 ரூபா அதில் ஏறுகிறது. வரவும் செலவும் எல்லோரும் பார்க்கத்தக்கதாக எழுதப்படுகின்றன. வங்கியோ என்று கேட்ட ரீச்சரே அதன் பொருளாளர். ரயருக்கும் பற்றரிக்கும் அதிலிருந்து கொடுத்திருக்கிறோம். அதே வழியால் ஓடும் வேறு இரண்டு வான்களின் ஆசிரியர்களும் வந்து அக்கொப்பியைப் பார்த்து, தாமும் தொடங்கியிருக்கிறார்கள். இது அரசின் கடமையை அரசிடமிருந்து எடுத்துவிடாது. விடுதியும் பேருந்தும் கேட்டு எழுதிய விண்ணப்பத்தை ஆண்டுதோறும் புதுப்பித்து அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறோம். இவ்வாண்டு அதிலே மூன்று வான்களின் ஆசிரியர்களும் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.